ஊருக்கெல்லாம் ஒப்பாரி வைத்தவர்

எங்கள் தெரு முனையில் அந்த பேனர் இன்னும் தொங்குகிறது. மாமா தன் ஆட்டோவில் சாய்ந்து நின்று பல் தெரியச் சிரிக்கிறார். கீழே, 'சிரித்த முகத்தோடு விடைபெற்ற எங்கள் நைனா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். "குடுத்து வெச்ச மனுசன்மா, சிரிச்சிகினே போயிட்டாரு." நானும் தலையை ஆட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அவர் சிரித்துக்கொண்டே போகவில்லை. பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். எனக்குத் தெரியாதா?

முனிரத்தினம் என் மாமனார். திருத்தணி ரயிலடியிலிருந்து மலைக்கோயிலுக்கு ஆட்டோ ஓட்டினவர். ஆந்திரா பக்கத்திலிருந்து மொட்டை போட வருகிறவர்களிடம் தெலுங்கில் கிண்டல், மெட்ராஸ்காரர்களிடம் தமிழில் கிண்டல். வண்டி மலை ஏறி முடிப்பதற்குள் சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சிரிப்பார்கள். பெற்ற பிள்ளைகள் அவரை நைனா என்றார்கள், அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டே நைனா என்றது. எனக்கு மட்டும் மாமா.

அவருடைய பெரிய வித்தை ஒப்பாரி. செத்தவர்களுக்கு இல்லை, உயிரோடு இருக்கிறவர்களுக்கு! கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மணமேடை முன்னால் குந்திவிடுவார். "பட்டு வேட்டி கட்டிகினு பந்தலிலே குந்தினியே, என் ராசா, இனிமே சம்பளத்த வாங்கிகினு யாரு கையில குடுப்பியோ" என்று மார்பில் தட்டி இழுப்பார். பந்தல் கொல்லென்று சிரிக்கும். டயர் வெடித்தால் ஆட்டோவுக்கு ஒப்பாரி, கெட்டுப்போன மிக்ஸிக்கு ஒப்பாரி. அத்தை ஒவ்வொரு வருஷமும் தாய்வீட்டுக்குப் போகும்போது பேருந்து நிலையத்திலேயே ஆரம்பித்துவிடுவார். அத்தை வயர் கூடையால் அவர் முதுகில் ஒரு போடு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவார்.

எனக்கும் பாடினார். நான் திருவாலங்காட்டுக்காரி, அப்பா கரும்பு வெட்டப் போனவர். இந்த வீட்டுக்கு வந்த மறுநாள், தலை குனிந்து சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். "ஆலங்காட்டுப் பொண்ணே, உன் ஆத்தா ஊட்டு உப்ப எல்லாம் இந்த சாம்பார்ல கொட்டினியே" என்று எடுத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதற்கப்புறம் இந்த வீட்டில் எனக்குப் பயம் போய்விட்டது.

போன சித்திரையில் அவர் கண் மஞ்சளாச்சு. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. உடம்பெல்லாம் அரிப்பு மட்டும். சீப்பை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டே இருப்பார். மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வெறும் வயிற்றில் பச்சிலை அரைத்துக் கொடுப்பார்கள். உப்பு இல்லாமல் மோர் சோறு சாப்பிட வேண்டும். ஊரே அதைத்தான் செய்யும், நாங்களும் செய்தோம். "உடம்பெல்லாம் மஞ்ச பூசியாச்சு, பொண்ணு பாத்து இன்னொரு கல்யாணம் பண்ணி வெச்சிடுங்கடா" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். சட்டை தொளதொளவென்று ஆனபோதும், "பத்தியம் இருந்தா எளைக்காம இன்னா பண்ணும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பச்சிலை மாற்றி பச்சிலையாக ஆனி மாசமும் போய்விட்டது.

கடைசியில் ஒருநாள் ஸ்டாண்டில் மயக்கம் போட்டு விழுந்த பிறகுதான் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி. அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இங்க வெச்சிக்க முடியாதும்மா, உடனே மெட்ராஸ் கூட்டிகினு போங்க" என்றார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. ஈரலிலிருந்து பித்தநீர் இறங்கி வரும் குழாய் அதன் தலைப்பக்கமாகத்தான் குடலுக்குப் போகிறது. அந்தத் தலையில் கட்டி வந்தால் குழாயை நெரித்துவிடும். இறங்க வழியில்லாத பித்தம் ரத்தத்தில் கலந்து கண்ணும் தோலும் மஞ்சளாகும். ஆக, மாமாவுக்கு வந்தது பச்சிலைக்குக் கேட்கிற காமாலையே இல்லை. வலியில்லாமல் வருகிற மஞ்சளைத்தான் சும்மா விடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அதை இப்ப உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார்.

முதலில் ஸ்கேன். அப்புறம் வாய் வழியாக கேமரா வைத்த நீளக் குழாயை விட்டு, நெரிபட்ட இடத்தில் ஒரு சின்னக் குழாயைச் செருகினார்கள். அதற்கு ஸ்டென்ட் என்று பெயர். பித்தம் இறங்க ஆரம்பித்ததும் அரிப்பு நின்றது, கண் வெளுத்தது. நைனா பிழைத்துவிட்டார் என்று ஸ்டாண்டில் இனிப்பு கொடுத்தார்களாம். அதற்கடுத்த வாரம், ஊசி போட்டு எடுத்த சதைத் துணுக்கின் ரிசல்ட் வந்தது. புற்றுநோய். கட்டி பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்ததால் ஆபரேஷன் முடியாது. மாதக் கணக்குதான், அதுவும் நிச்சயமில்லை.

டாக்டர் இதைச் சொன்னபோது மூன்று பேர் இருந்தோம். என் வீட்டுக்காரர் சேகர், அவருடைய அக்கா கஸ்தூரி, நான். கஸ்தூரி அண்ணியை அம்மையார்குப்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. வீட்டில் தறி ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, மெதுவாகப் பேசவே வராது. அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினார்.

"நைனாவுக்குத் தெரியக் கூடாது. அல்சர்னு சொல்லிடலாம். யாரும் அவரு முன்னால கண்ணக் கசக்கக் கூடாது. சிரிச்சிகினே இருந்த மனுசன், சிரிச்சிகினே இருக்கட்டும்."

சேகர் தலையாட்டினார். டாக்டரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு அண்ணி சொல்லிவிட்டார். அத்தைக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னார்கள். சொன்ன கையோடு, அழக் கூடாது என்று காமாட்சி விளக்கின் மேல் சத்தியமும் வாங்கினார்கள். அத்தை அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

பகலில் ஆஸ்பத்திரிக் காவல் என்னுடையது. காலையில் மின்சார ரயிலில் திருத்தணியில் ஏறுவேன். திருவாலங்காடு வரும்போது எட்டிப் பார்ப்பேன், மணவூர் தாண்டியதும் தூங்கிவிடுவேன். தூக்குவாளியில் கஞ்சி. சாயங்காலம் சேகர் வேலை முடிந்து நேராக வந்து என்னை மாற்றிவிடுவார். காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவுக்குத் தப்பித்தோம். மற்றதற்கு என் வளையல் போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, மாமாவுக்குப் போன வளையல்.

எனக்கு ஆத்திரமெல்லாம் பார்க்க வந்த கூட்டத்தின் மேல்தான். பார்வையாளர் நேரம் வந்தால் போதும், சொந்தம், ஸ்டாண்டு, தெரு என்று ஒரு பட்டாளம் நுழையும். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், வாய் நிறைய சிரிப்பு. "இன்னா நைனா, மாமியார் ஊட்டு விருந்தா?" என்பான் ஒருத்தன். "ஆங், படுக்க வெச்சே ஊட்டறாங்க" என்பார் மாமா. "நைனா, அந்த குளுக்கோஸ் கம்பிக்கு ஒரு ஒப்பாரி எடுத்து வுடு" என்பான் இன்னொருத்தன். மாமா ஊசி குத்தின கையைத் தூக்கி, "சொட்டு சொட்டா ஊத்தினியே, என் சோத்துக்கொரு வழி பண்ணியா" என்று இழுப்பார். பக்கத்துக் கட்டில் நோயாளிகூட சிரிப்பான். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு போவாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, நைனா கிண்ணுனு கீறாரு" என்று திருப்தியாகப் படி இறங்கும்.

அவர்கள் போனதும் மாமாவைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கும். முட்டியை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். அந்த நோயில் வலி வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். நான் முதுகில் கை வைத்துத் தேய்ப்பேன். எலும்பு கையில் தட்டும். நோயாளியைப் பார்க்க வந்தார்களா, கூத்துப் பார்க்க வந்தார்களா? சர்க்கஸ் சிங்கத்துக்குக்கூட காய்ச்சல் என்றால் ஓய்வு கொடுப்பார்கள்.

ஒரு மத்தியானம், அப்படித்தான் ஒரு கூட்டம் போன பிறகு, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா செல்வி. எனக்கு இன்னா நோவு?"

"அல்சர் மாமா."

"அல்சருக்கா இம்மாம் ஆரஞ்சு?"

நான் ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நானும் நாலு சவாரி பாத்தவன்தான். இந்த ஆஸ்பத்திரிக்கே எத்தினி பேர ரயில் ஏத்தி வுட்டுகிறேன். எனக்குத் தெரியும்மா. என் புள்ளைங்க என்னாண்ட நடிக்குதுங்க, நான் அதுங்களாண்ட நடிக்கிறேன். சேகரு மூஞ்சியப் பாத்தா பாவமா கீது. அதான் நானும் பாடிகினு கீறேன்."

"படுங்க மாமா, வலிக்கும்."

"ஊருக்கெல்லாம் உசிரோட ஒப்பாரி வெச்சேன். எனக்கு வைக்கப் போறத மட்டும் நான் கேக்க மாட்டேன் பாரு. அதான் வயித்தெரிச்சலா கீது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. உதடு கோணிக்கொண்டது. "பயமா கீது செல்வி. பயமா கீதுன்னு சொல்லக்கூட ஒரு ஆள் இல்ல. சொன்னா சிரிக்கிறானுங்க."

அவ்வளவுதான். அத்தனை நாள் அடக்கி வைத்தது எனக்கு உடைந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னப் பெத்த அப்பனாட்டம் பாத்துகினீங்களே மாமா, எங்கள வுட்டுட்டுப் போறீங்களே" என்று வாய்விட்டு அழுதேன். வார்டே திரும்பிப் பார்த்தது. மாமா என்னை அதட்டவில்லை. என் தலையில் கையை வைத்தார். அவர் கண்ணிலிருந்தும் தாரையாக வழிந்தது.

"ஆங். அழு. இது போதும்மா. இப்பதான் நான் மனுசனாட்டம் கீறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அத்தைய ஒரு வாட்டி வந்து அழச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு. தெனம் சிரிச்சிகினே வரா. அது அவ சிரிப்பே இல்ல. வேற யாரோ ஒரு பொம்பள வந்து குந்திட்டுப் போற மாரி கீது. ரெண்டு பேரும் ஒரு வாட்டி சேந்து அழுதுட்டா எனக்குப் பாரம் எறங்கும்" என்றார்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் கஸ்தூரி அண்ணி வாசலில் நிற்கிறார். என் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"உசிரோட கீற மனுசன் தலமாட்டுல குந்திகினு ஒப்பாரியாடி வைக்கிற? வெளங்குமா? வாயத் தொறந்து எல்லாத்தையும் ஒளறிட்டியா?"

"அவருக்கு எல்லாம் தெரியும் அண்ணி. அத்தைய வந்து அழச் சொன்னாரு. அவரே கேட்டாரு."

"எந்த மனுசனாவது அப்படிக் கேப்பானா? நீ பண்ண கூத்துக்கு நைனா மேல பழி போடறியா?"

அத்தை பின்னாலேயே வந்துகொண்டிருந்தார், கையில் இளநீர்ப் பாட்டில். நான் அத்தையிடமே நேராகச் சொன்னேன். "அத்தே, மாமா உங்கள ஒரு வாட்டி அழச் சொன்னாரு. சத்தியமா." அத்தையின் முகம் அப்படியே கலங்கியது. தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வார்டுப் பக்கம் இரண்டு அடி வைத்தார். அண்ணி குறுக்கே வந்து நின்றார்.

"அம்மா, கழுத்துல தாலி கீது. தாலி கீற பொம்பள புருஷன் கட்டிலாண்ட நின்னு அழுதா, அத நீயே அறுத்துப் போடற மாரி. சத்தியம் பண்ணிகிற, மறந்துட்டியா?"

அத்தை என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். குங்குமத்தைச் சரி பண்ணிக்கொண்டார். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நான் வாசலிலிருந்து பார்த்தேன். சிரிக்கிற அத்தையை மாமா ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் கையை விரித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னா சரோ," என்றார் அத்தையிடம், "தாய் ஊட்டுக்குக் கெளம்பிட்டாப்பல கீற? கூடை எங்க, அடிக்கிறதுக்கு?" அத்தை சிரித்தார். அண்ணி அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். எனக்கு அந்த வார்டையே கொளுத்த வேண்டும்போல இருந்தது.

மறுநாளிலிருந்து என்னை ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. "நீ வூட்ல புள்ளைங்களப் பாரு" என்றார் சேகர், என் முகத்தைப் பார்க்காமல். நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வாரமே மாமாவுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்து தூக்கிப் போட்டது. ஸ்டென்ட் மறுபடி அடைத்து, தேங்கின பித்தத்தில் கிருமி வளர்ந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. செப்சிஸ் என்பார்கள். உடம்பு முழுக்க விஷம் ஏறுவது போலத்தான். ரத்த அழுத்தம் இறங்கும், மூத்திரம் நிற்கும், நினைவு தப்பும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாய்க்குள் குழாய் வைத்துவிட்டார்கள். கதவில் இருந்த கண்ணாடி வழியாகத்தான் அத்தை பார்த்தாராம். அப்போதும் சிரித்த முகமாகத்தான் நின்றாராம். அண்ணியே பெருமையாகச் சொன்னார். மூன்றாம் நாள் மாமாவின் உடலோடு வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது.

அன்றைக்குப் பார்க்க வேண்டுமே ஒப்பாரியை! வாசலில் மாமாவைக் கிடத்தி, பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு குந்தினார்கள். அண்ணி மண்ணில் புரண்டார். அத்தை அத்தனை நாளும் விழுங்கினதையெல்லாம் எடுத்தார். "கூடையால அடிச்ச கைய யாரு மேல வைப்பேனோ, பஸ்ஸு ஏத்திவுட நீ இல்லாம நான் எந்த ஊருக்குப் போவேனோ" என்று அவர் பாடினபோது ஸ்டாண்டு ஆண்களே துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். பெரிய பாட்டு அது. கேட்க வேண்டியவரின் காதில் பஞ்சு வைத்திருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். அண்ணி அந்தத் துக்கத்திலும் நிமிர்ந்து பார்த்தார். "பாருங்கடி கல்நெஞ்சுக்காரிய. அங்க அழுது அழுது அவரு தெம்ப எடுத்துட்டா. இங்க ஒரு சொட்டு வரல." பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். கிழவி ஒருத்தி த்தூ என்றாள். நான் அழ வேண்டியதை அவர் கேட்கும்போதே அழுதுவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்தது. அத்தை சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஒரு வாய் வைத்தால் அடுத்த வாய் இறங்காது. மாமா போட்டோவுக்கு நேரே குந்திக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். உடம்பு கரைந்து, மாமா சட்டை தொளதொளத்த மாதிரி அத்தையின் ஜாக்கெட் தொளதொளத்தது.

போன வெள்ளிக்கிழமை நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து குந்தினார். ஒரு காயை எடுத்து, நார் உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா செல்வி. உன்ன ஒண்ணு கேப்பேன், உள்ளது உள்ளபடி சொல்லணும்."

"சொல்லுங்க அத்தே."

"என்ன அழச் சொல்லி அவரு கேட்டாருன்னு சொன்னியே. கஸ்தூரி நீ கட்டி வுட்ட கதன்றா. நெஜமா கேட்டாரா?"

இதற்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். என் மேல் விழுந்த பழி துடைபட ஒரு வார்த்தை போதும். பொய் சொல்லிப் பொய் சொல்லியே ஒரு மனுஷனைத் தனியாகச் சாக விட்ட குடும்பம் இது என்று எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பேன். அத்தையின் கண்ணைப் பார்த்தேன். அதற்கு மேல் அங்கே தாங்க இடமில்லை.

"இல்ல அத்தே," என்றேன். "நான்தான் அழுது மாட்டிகினேன். அண்ணி திட்டுவாங்களேன்னு மாமா மேல போட்டேன்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது.

"அடிப் பாவி. நீ நல்லா இருப்பியா? அந்த ஒரு வார்த்தை என்ன எப்படி அறுத்துதுன்னு தெரியுமாடி?" என்று என் கன்னத்தில் ஒன்று வைத்தார். வலிக்கிற அடிதான். அப்புறம் எழுந்து போய், தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ரசம் ஊற்றிப் பிசைந்து முழுசாகச் சாப்பிட்டார்.

சாயங்காலமே அம்மையார்குப்பத்துக்கு போன் போய்விட்டது. "நான் சொல்லல, அவ புளுகுவான்னு?" என்று அண்ணியின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே அடுப்படி வரை கேட்டது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கஸ்தூரி அண்ணிக்குத் தெரியும். அவர் படிக்கட்டும், தாராளமாகப் படிக்கட்டும், அத்தைக்கு மட்டும் படித்துக் காட்ட வேண்டாம். மாமா நிஜமாகவே கேட்டாரா என்று அத்தை கேட்டதற்கு, உள்ளது உள்ளபடி பதில் இதுதான்.

கேட்டார்.